பேர் போடாத பெட்டி

கண்டக்டர்கிட்ட நீங்க மெதுவாத்தான் சொன்னீங்க, தம்பி. ஆனா என் காதுல விழுந்துடுச்சு. இருபத்தாறு வருசம் லாரி ஓட்டின காது இது. ஓடற எஞ்சின்ல எந்த வால்வு தட்டுதுன்னு சீட்டுல உக்காந்தபடியே சொல்லும். "டாக்டரம்மா ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்தா சொல்லுங்க"ன்னீங்க. கண்டக்டர் உங்களை மேலயும் கீழயும் ஒரு பார்வை பார்த்தான். பார்த்தானா இல்லையா? அதையும் நான் பார்த்தேன்.

இப்படித் தள்ளி உக்காருங்க. பை மடியிலேயே இருக்கட்டும், பரவாயில்லை.

எந்த ஊருங்க? சரி, சொல்ல வேண்டாம். பேரு? சிரிக்கறீங்க. சரி, சரி.

நான் மாரப்பன். அந்த ஆஸ்பத்திரி ஜீப்பைப் பதினோரு வருசம் ஓட்டினவன். அதனாலதான் கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. சங்ககிரிப் பக்கம் அந்த அம்மாவைத் தேடிக்கிட்டுப் பல தினுசு ஆளுங்க வர்றாங்க. பேப்பர்காரங்க வருவாங்க, 'எய்ட்ஸ் டாக்டர்'னு போட்டோ புடிக்க. அவங்களைக்கூடச் சேர்த்துக்கலாம். கல்யாணத்துக்கு விசாரிக்க வர்றவங்க இருக்காங்களே, அவங்கதான் மோசம். எதிர் டீக்கடையில உக்காந்து, "ஏனுங்க, இன்ன ஊரு, இன்னார் வீட்டுப் பொண்ணு, இங்க வந்து போகுதாமே, நெசமா?"ன்னு கேப்பாங்க. மடியில இப்படித்தான் ஒரு பை இருக்கும். அதுக்குள்ள ஜாதகம் இருக்கும்.

இன்னொரு தினுசும் உண்டு. அதை நான் சொல்ல மாட்டேன்.

நீங்க எந்தத் தினுசுன்னு தெரியற வரைக்கும் டாக்டரம்மாவைப் பத்தி நல்லதாவோ கெட்டதாவோ ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது. வேணும்னா என்னைப் பத்திச் சொல்றேன். ஸ்டாப் வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும்.

எனக்கு முதுகு போச்சுங்க. குஜராத்துக்கும் அஸ்ஸாமுக்கும் லோடு அடிச்சு அடிச்சு, ஒரு நாள் ஸ்டியரிங்கை விட்டு எறங்க முடியலை. லாரி வேண்டாம், ஜீப்பு கீப்பு இருந்தா ஓட்டலாம்னு சொல்லி வெச்சிருந்தேன். அப்பத்தான் இந்த அம்மா வந்து சேர்ந்தாங்க. மார்த்தாண்டத்துக்காரங்க. பேரு ஹெப்சிபா. எங்க ஊர் வாயில அது நுழையாது, அதனால டாக்டரம்மா. அப்ப அம்பத்தி மூணு வயசு. ஆம்பளை மாதிரி குட்டையா வெட்டின முடி, ஆம்பளை வாட்ச்சு. 'எனக்க ஜீப்பு', 'எனக்க ஆஸ்பத்திரி'ன்னு தெக்கத்திப் பேச்சு.

வண்டி ஓட்டத் தெரியுமான்னு கேக்கலை. லைசென்சு கேக்கலை. "ஜீப்புல யாரு ஏறுனாலும், எங்க எறங்குனாலும், வீட்டுல போய்ச் சொல்லாம இருப்பீங்களா அண்ணே?"ன்னு மட்டும் கேட்டாங்க.

"இருப்பேனுங்க"ன்னேன்.

சொன்னபடி இருந்தேன். வீட்டுல ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்ற சம்சாரத்தைக் கேட்டுப் பாருங்க.

ஆனா சந்தேகம்னா சந்தேகம்தான். அதை என்ன பண்ண முடியும்? ஆஸ்பத்திரின்னா ஒரு போர்டு வேணுமில்லையா? அதுக்குப் போர்டு இல்லை. முன்வாசல் வழியா உள்ள போறவங்க அதே வழியா வெளிய வர மாட்டாங்க. பின்னால ஒரு பச்சைக் கதவு. அதைத் தாண்டித் தென்னந்தோப்புக்குள்ள புகுந்து அரிசி மில் பக்கமா ரோட்டுக்கு ஏறிடுவாங்க. உள்ள போறவனும் வெளிய போறவனும் மூஞ்சியைப் பார்த்துக்கக் கூடாதாம். நாங்க செக்போஸ்ட்டுக்குப் பயந்துக்கிட்டு லாரியைக் காட்டு வழியில விடுவோம் பாருங்க, அதேதான். பில்லு இல்லாத லோடுதான் அப்படிப் போகும்.

அப்புறம் அந்தப் போட்டோக்கள். செவுரு பூரா. மலாவின்னு ஒரு தேசமாம், ஆப்பிரிக்காவுல. அங்க எட்டு வருசம் இருந்திருக்காங்க. ஒரு மரத்தடியில நூறு பேர் வரிசையில உக்காந்திருக்க, நடுவுல இவங்க முக்காலி போட்டு உக்காந்திருப்பாங்க. இன்னொண்ணுல ஒரு சின்னப் படகு, அதுல மருந்துப் பெட்டி, பெட்டி மேல இவங்க. பப்புவா நியூ கினியாவாம், தீவு தீவாப் போவாங்களாம். அதுக்கப்புறம் மணிப்பூர். இத்தனை தேசம் சுத்தினவங்க கடைசியா எங்க லாரிப் பட்டறைக்கு வந்து உக்காரணும்னா, காரணம் இல்லாமலா?

நேராவே கேட்டேன். "ஏனுங்கம்மா, இத்தனை ஊரை விட்டுட்டு இந்தப் பொட்டக்காட்டுக்கு எதுக்கு வந்தீங்க?"

"நோய் எங்க ஜாஸ்தியோ, டாக்டர் எங்க கம்மியோ, அங்க போவேன் அண்ணே. உங்க ரோட்டுல ரெண்டும் இருக்கு."

நம்பற மாதிரியா இருக்கு? எது எங்க ஜாஸ்தி, எங்க கம்மின்னு பார்த்துப் போறவன் வியாபாரி. வெங்காயம் அப்படித்தான் போகும். நான் எத்தனை வெங்காயம் ஏத்தியிருக்கேன்.

அதோட எச்சில் பார்க்காத ஆளு. வந்திருக்கறவங்க பாதி குடிச்ச டீயை வாங்கி, "ஆறிப்போச்சே"ன்னுட்டு மீதியைக் குடிப்பாங்க. அந்த ஆளு கண்ணுல தண்ணி வந்துடும். நான் மூஞ்சியைத் திருப்பிக்குவேன். இது என்ன வசிய வேலைன்னு நினைப்பேன்.

இதோ, மகுடஞ்சாவடி வந்துடுச்சு. அந்தப் புளியமரத்தைப் பாருங்க. டீக்கடை இருந்த இடம் அது. இப்ப இல்லை, ரோடு அகலமாக்கறப்ப எடுத்துட்டாங்க. நான் சொல்ல வந்தது இங்க நடந்ததுதான்.

ஆஸ்பத்திரி தொடங்கி நாலாவது மாசம். ஒரு புதன்கிழமை காலையில பதினாலு பேர் வந்து கையை நீட்டினாங்க. மொதல் பதினாலு பேர். எல்லாருக்கும் ரத்தம் எடுத்து, ஊதா மூடி போட்ட சின்னக் குழாய்ல ஊத்தி, ஒரு தெர்மாகோல் பெட்டியில வெச்சு என்கிட்ட குடுத்தாங்க. "சேலத்துல லேப்ல குடுத்துட்டு வாங்க அண்ணே. சாயங்காலத்துக்குள்ள போகணும். குலுங்காம."

"ஐஸ் போடலீங்களே?"

"இதுக்கு ஐஸ் போடக்கூடாது."

மங்களூர்லருந்து மீன் லோடு அடிச்சவன் நான். ஐஸ் இல்லாம எது கெடாமப் போகும்? "எதுக்குங்க இந்த ரத்தம்?"னு கேட்டேன்.

"இதுல வெள்ளை அணு எத்தனை இருக்குன்னு எண்ணணும். ரொம்பக் கம்மியா இருக்கறவங்களுக்கு உடனே மருந்து தொடங்கணும். எண்ணற மிஷின் சேலத்துலதான் இருக்கு."

ரத்தத்துல வெள்ளையாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரின்னு தலையை ஆட்டிட்டுப் பெட்டியை வாங்கினேன்.

கூட ஒரு காகிதம். அதுல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பதினாலு வரைக்கும் நம்பர். அவ்வளவுதான். பேர் இல்லை, ஊர் இல்லை.

தம்பி, நீங்க புக்கிங் ஆபீஸ் பார்த்திருக்கீங்களா? ஒரு மூட்டை மொளகாய் ஏத்தினாலும் அனுப்பறவன் பேரு, ஊரு, வாங்கறவன் பேரு, ஊரு எழுதினாத்தான் வண்டி நகரும். பேர் இருக்கற சரக்கை எவனும் மாத்த மாட்டான். கேக்க ஆள் இருக்குன்னு தெரியும். பேர் இல்லாத சரக்குன்னா யாரு வேணும்னாலும் என்ன வேணும்னாலும் செய்வான். எத்தனை பார்த்திருக்கேன். எங்க ஊர் ஜனங்க ரத்தம் பேர் இல்லாமப் போகுதே, இதைக் கப்பல்ல ஏத்தி அந்த மலாவிக்கே வித்தாலும் கேக்க நாதி இல்லையேன்னு மனசு அடிச்சுக்கிட்டது.

புளியமரத்தடியில ஜீப்பை நிறுத்தினேன். டீ சொல்லிட்டுப் பெட்டியைத் திறந்தேன். என்கிட்ட ஒரு பச்சை மைப் பேனா உண்டு, லாரி ஆபீஸ்ல தீபாவளிக்குக் குடுத்தது. நான் மூணாங்கிளாஸ்தான், ஆனா பேரும் ஊரும் எழுதத் தெரியும். பில்லு எழுதிப் பழக்கம்.

காலையில வாசல்ல நின்னவன் நான்தானே? யாரு மொதல்ல போனாங்க, யாரு அடுத்துப் போனாங்க, எல்லாம் மனசுல இருந்தது. ஒண்ணு, இன்னார், இன்ன ஊரு. ரெண்டு, இன்னார், இன்ன ஊரு. நிதானமா, அழகா எழுதினேன். நாலு பேரை எனக்குத் தெரியாது. அதுல ஒருத்தருக்கு 'கண்ணாடி போட்டவர், ஈரோடு பஸ்'னு எழுதினேன். மீதிப் பத்துப் பேரும் சுத்துப்பட்டு ஜனங்கதான்.

யாருன்னு கேக்காதீங்க. சொல்ல மாட்டேன். நம்பர் வேணா சொல்றேன்.

ஆறாம் நம்பர் ஒரு பொம்பளை. ஒரு ஊர் பால்வாடியில ஆயா. புள்ளைங்களுக்குச் சமைச்சுப் போடற வேலை. அது புருசன் என்கூட ரெண்டாவது டிரைவரா ஆறு வருசம் ஓடினவன், செத்துப் போயிட்டான். அவனுக்கு இந்த நோய் எப்படி வந்ததுன்னு எனக்குத் தெரியாது. நான் அவனை எங்கயும் கூட்டிட்டுப் போனதில்லை. வழியில வண்டியை நிறுத்துவேன், அவ்வளவுதான். எறங்கிப் போனவன் அவன்.

ஒன்பதாம் நம்பர் ஒரு வாத்தியார். சட்டையில மடிப்புக் கலையாத மனுசன். ஊசி குத்தினப்பக்கூட, "தேங்க்ஸ் மேடம்"னு சொன்னாராம்.

சேலத்துல பெட்டியைக் குடுத்தேன். குழாய் வாங்கி வைக்கற ஆளு காகிதத்தைப் படிச்சான். "அட, இது என்ற மாமியார் ஊராச்சே!"ன்னு ஒரு எடத்துல விரலை வெச்சான். ஆறாம் நம்பர்.

எனக்குச் சந்தோசமா இருந்ததுங்க. பொய் சொல்லலை. சரக்குக்கு ஆள் இருக்குன்னு தெரிஞ்சு போச்சு, இனி எவனும் மாத்த மாட்டான்னு நெஞ்சு நிறைஞ்சு வண்டியைத் திருப்பினேன். பேனா மட்டும் எங்கயோ விட்டுட்டேன்.

எட்டாவது நாள், ஆறாம் நம்பர் முன்வாசல் வழியா வந்தது. வந்ததுன்னா, ஓடி வந்தது. கால்ல செருப்பு இல்லை. நான் டாக்டரம்மா ரூம் ஜன்னலுக்கு வெளிய ஜீப்புக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டிருந்தேன்.

"பேர் வெளிய போகாதுன்னு சொன்னீங்களே! உங்களை நம்பித்தானே கையை நீட்டுனேன்?"

டாக்டரம்மா எந்திரிச்சு நின்னுட்டாங்க.

"பத்தொம்போது புள்ளைங்க வந்த எடத்துல இன்னைக்கு ஒண்ணுகூட இல்லீங்க. ஒலை வெச்சுட்டு வாசலைப் பார்த்து உக்காந்திருந்தேன். வர்ற மாசக் கடைசிக்குள்ள புள்ளைங்க வரலைன்னா வேற ஆயா போட்டுருவோம்ங்கறாங்க. அந்த வேலை போச்சுன்னா என்ற மகளைக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்? நீங்களே சொல்லுங்க."

அன்னைக்குக் காலையிலதான் சேலத்துல இருந்து ரிசல்ட்டு வந்திருந்தது, அந்தப் பழைய காகிதத்தோட. டாக்டரம்மா அதை மேசையில இருந்து எடுத்துப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. நான் துடைச்ச கண்ணாடியையே திரும்பத் துடைச்சேன்.

"தப்பு எங்க பக்கந்தான், அம்மா"ன்னாங்க. "எனக்க பொறுப்பு."

"பொறுப்பு எடுத்து என்னங்க பண்ணுவீங்க?"

"நாளைக்கு மத்தியானம் எனக்கும் சேர்த்து அரிசி போடுங்க."

சாயங்காலம் ஜீப்புகிட்ட வந்தாங்க. என் சட்டைப் பையில பேனாவைச் சொருகினாங்க. "ஜீப்புல கிடந்தது அண்ணே. போன வாரமே எடுத்து வெச்சேன்." அவ்வளவுதான், உள்ள போயிட்டாங்க. பெட்டிக்குள்ளதான் விட்டிருப்பேனோன்னு எனக்கு ஒரு பயம் இருந்தது. ஜீப்புல கிடந்ததுன்னு அவங்களே சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன? பச்சை மையா நீல மையான்னெல்லாம் பார்க்கற ஆள் இல்லை அவங்க. அதனால அவங்களுக்குத் தெரியாதுங்க. இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

மறுநாள்லருந்து தினமும் பன்னெண்டு மணிக்கு அந்த ஊருக்கு ஜீப்பு. பால்வாடியில புள்ளைங்க உக்கார்ற பாயில, அந்தச் சின்னத் தட்டுல, டாக்டரம்மா சம்மணம் போட்டு உக்காந்து சாப்பிடுவாங்க. சாம்பார் சோறு, முட்டைன்னா முட்டை. பத்தொம்போது தட்டு கழுவிக் கவுத்து வெச்சிருக்கும், ஒண்ணு மட்டும் நிமிர்ந்திருக்கும். ஊர் ஜனம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு வேடிக்கை பார்க்கும். நான் ஜீப்பு நிழல்ல உக்காந்து என் தூக்குப்போசியைத் திறந்து தயிர்சோறு சாப்பிடுவேன்.

பத்து நாள் ஆச்சு. ஒரு புள்ளையும் வரலை.

பதினோராவது நாள் போற வழியில, "அந்த வாத்தியார் வீட்டுப் பக்கம் விடுங்க அண்ணே"ன்னாங்க. ஒன்பதாம் நம்பர். ரிசல்ட்டு வாங்க வரவே இல்லையாம். வெள்ளை அணு ரொம்பக் கம்மியாம் அவருக்கு, இப்பவே மருந்து தொடங்கியாகணுமாம். ஏற்கனவே ஒரு தடவை பஸ்ஸுல போய்ப் பார்த்துட்டு வந்திருக்காங்க. அன்னைக்கும் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பொம்பளை, "ராத்திரியோட ராத்திரியா சாமானை ஏத்திட்டுப் போயிட்டாங்க. எங்கன்னு தெரியலை. ஸ்கூல்ல என்னமோ பேசிக்கிட்டாங்களாம்"னு சொன்னா. டாக்டரம்மா அந்தப் பூட்டைத் தொட்டுப் பார்த்துட்டு வந்து ஏறினாங்க.

கொஞ்ச தூரம் போனதும் தானாப் பேச ஆரம்பிச்சாங்க.

"நான் மலாவிக்குப் போன புதுசு அண்ணே. இந்த நோய்க்குன்னு மருந்தே அங்க கிடையாது. காய்ச்சலுக்கும் வலிக்கும்தான் குடுப்போம். அதுக்கே ஜனங்க ரெண்டு நாள் நடந்து வருவாங்க. வந்து காத்துக் கிடக்க வேண்டாமேன்னு, யாரு எந்தக் கிழமை வரணும்னு பேரெழுதி ஆஸ்பத்திரிக் கதவுல ஒட்டினேன். அழகா, பெரிய எழுத்துல. மூணாவது பேரு ஒரு பொம்பளை. அடுத்த வாரம் அவ வரலை. தேடிப் போனா, வீடு இதேபோலப் பூட்டு."

நான் கியரை மாத்தினேன்.

"அதுக்கப்புறம் எங்க போனாலும் நம்பர்தான். கெட்டது நினைக்கறவன் பேரெழுத மாட்டான் அண்ணே. நல்லது நினைச்சுத்தான் எழுதுவோம்."

இதை எதுக்கு என்கிட்ட சொல்லணும்? கேக்கறேன். ஒரு டிரைவர்கிட்ட? என் வாயைப் பிடுங்கத்தான் போட்டுப் பார்க்கறாங்கன்னு நினைச்சேன். நான் மசியலை. "ரோடு ரொம்ப மோசமுங்க"ன்னு மட்டும் சொன்னேன்.

அன்னைக்கு மத்தியானம்தான் கொழந்தாயி என்னைப் புடிச்சுக்கிட்டா. பால்வாடி இருக்கற ஊர்ல அவ வெச்சதுதான் சட்டம். அவ பேரனுங்க ரெண்டு பேரு அந்தப் பால்வாடிதான். வேலியைத் தாண்டி நேரா ஜீப்புக்கு வந்தா.

"ஏனுங்க டிரைவரே, தூக்குப்போசியில என்னங்க?"

"தயிர்சோறு."

"உள்ள சுடச்சுடச் சாம்பார் சோறு ஆக்கி வெச்சிருக்குதே?"

"நமக்கு வயித்துக்கு ஒத்துக்காதுங்க."

"ஒத்துக்காதா, ஒட்டிக்கும்னு பயமா?"

வேலியில நின்ன ஜனம் பூராச் சிரிச்சது.

"அந்தம்மா தேசம் தேசமாச் சுத்துனவங்க. இன்னைக்கு இங்க திம்பாங்க, நாளைக்கு எங்கயோ பறந்துருவாங்க. நீங்க பக்கத்தூரு. இந்த அம்மிணி புருசன்கூட ஒண்ணா லாரி ஓட்டுனவரு. ஒரே ஜீப்புல வர்ற நீங்களே அந்த வாசப்படியை மிதிக்க மாட்டீங்கறீங்க. எங்க புள்ளைங்களை மட்டும் அனுப்போணுமாக்கும்?"

ஆறாம் நம்பர் கரண்டியோட வாசல்ல நின்னது. எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் நின்னது. என்னைப் பார்க்கலை, திரும்பி உள்ள போயிடுச்சு. டாக்டரம்மாவும் கேட்டிருப்பாங்க. வர்ற வழியில, நீங்க ஏன் சாப்பிடலைன்னாவது கேட்டிருக்கலாம். கேக்கலையே!

அடுத்த நாள் நான் தூக்குப்போசியை மறந்துட்டேங்க. மறதிதான். என்ற சம்சாரம் இன்னைக்கும் சொல்லுவா, "வாசப்படியில எடுத்து வெச்சேன், பார்த்துட்டே தாண்டிப் போனீங்க"ன்னு. அவளுக்குக் கண்ணு சரியில்லை.

பன்னெண்டரைக்குப் பசி புடுங்குது. என்ன பண்றது? செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனேன். டாக்டரம்மா பக்கத்துல உக்காந்தேன். அவங்க நகர்ந்து எடம் விட்டாங்க, நிமிர்ந்துகூடப் பார்க்கலை. ஆறாம் நம்பர் கவுத்து வெச்ச தட்டுல ஒண்ணை எடுத்து, ஏற்கனவே கழுவினதை மறுபடி கழுவி, என் முன்னாடி வெச்சது. சோறு போட்டது. சாம்பார் ஊத்தறப்ப என் வேட்டியில சிந்திடுச்சு.

மொதல் வாய் எறங்கலைங்க. தண்ணியைக் குடிச்சுத் தள்ளினேன். வேலி முழுக்க ஜனம், மூச்சு விடாமப் பார்க்குது. ரெண்டாவது வாய் எறங்குச்சு.

"இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களாண்ணா?"

புருசன் இருந்தப்ப அது என்னை அண்ணான்னுதான் கூப்பிடும். வீட்டுக்குப் போனா ஒரு வாய் சாப்பிடாம விடாது. "போடு அம்மிணி"ன்னேன். மூணு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். பசிதான், வேற ஒண்ணுமில்லை.

கை கழுவ வெளிய வந்தா கொழந்தாயி நிக்கறா.

"உப்பு எப்படிங்க?"

"ஒரு கல்லு ஜாஸ்தி."

"ஆமாங்க"ன்னா. "அவளுக்கு என்னைக்குமே உப்புல கை தாராளம். நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன்." சொல்லிட்டு வாசப்படிக்குப் போயி உள்ள எட்டிப் பார்த்து, "ஏண்டி, உப்பைப் பார்த்துப் போட மாட்டியா? புள்ளைங்க திங்கறதில்லையா?"ன்னு ஒரு அதட்டல் போட்டா. உள்ள ஆறாம் நம்பர் கரண்டியைக் கீழ போட்டுட்டு அழுகற சத்தம் கேட்டது.

மறுநாள் கொழந்தாயி பேரனுங்க ரெண்டு பேரும் வந்து பாயில உக்காந்திருந்தானுங்க. நான் அன்னைக்கும் போசியை மறந்துட்டேன். அந்த வாரத்துல ஏழு புள்ளைங்க. மாசக் கடைசியில பதினஞ்சு. நாலு புள்ளைங்க வரவே இல்லை, ஆனா வேலை போகலை. இன்னும் அங்கதான் இருக்கு. மகளைக் கட்டிக்குடுத்து, பேத்தி அதே பால்வாடியில படிக்குது. மருந்து சாப்பிடுது, கையில உப்பு இன்னும் ஜாஸ்திதான்.

அதனால மோசமா ஒண்ணும் ஆயிடலைங்க. நான் செஞ்சது ஒரு டிரைவர் செய்ய வேண்டிய வேலைதான். ஒன்பதாம் நம்பர் வேற ஊர்ல ஒரு நல்ல டாக்டரைப் பார்த்திருப்பார். படிச்ச மனுசன், பார்க்காமலா இருப்பார்? பார்த்திருப்பார். அப்படித்தான் இருக்கும்.

இல்லைங்கறீங்களா?

எனக்கு இந்த டாக்டரம்மாமேல இருக்கற சந்தேகம் மட்டும் இன்னும் தீரலை. நீங்களே யோசிச்சுப் பாருங்க. அடுத்த புதன்கிழமை அதே பெட்டியை என்கிட்டயே குடுக்கறாங்க. ஒரு பூட்டுப் போட வேண்டாமா? போடலை. பதினோரு வருசமும் போடலை. அதோட புது வருசம் பொறந்தா நோயாளிங்க நோட்டுல நம்பர் எழுதற வேலை. நர்சம்மாங்க மூணு பேரு இருக்காங்க, பட்டம் வாங்கினவங்க. மூணாங்கிளாஸ் படிச்ச என்னைக் கூப்பிட்டு, "உங்க கையெழுத்து நல்லா இருக்கும் அண்ணே. நம்பரை மட்டும் எழுதிக் குடுங்க"ன்னாங்க. என் கையெழுத்தை அவங்க எங்க பார்த்தாங்க? நான் வேலையை விட்டு நின்னு எத்தனையோ வருசமாச்சு. இன்னமும் ஜனவரி வந்தா ஆள் விட்டுக் கூப்பிடறாங்க. இதுக்குள்ள என்னமோ இருக்கு. என்னன்னு எனக்கு விளங்கலை.

இதையெல்லாம் நான் யார்கிட்டயும் சொன்னதில்லை, தம்பி. சம்சாரத்துகிட்டகூட. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. பேர் தெரியாத ஆள்கிட்ட சொன்னா கொஞ்சம் லேசா இருக்கு.

என்ன, பையை இப்படி இறுக்கிப் புடிச்சிருக்கீங்க? ஜாதகம் வெச்சிருக்கறவன் இப்படிப் புடிக்க மாட்டான். காட்ட வேண்டாம், காட்ட வேண்டாம். அது என்ன காகிதம்னு எனக்குத் தெரியும். மடிப்பு நைஞ்சு போயிருக்கு. எத்தனை தரம் பிரிச்சுப் பார்த்திருப்பீங்க.

இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. கண்டக்டர் 'ஆஸ்பத்திரி ஸ்டாப்'னு கத்துவான். எந்திரிக்காதீங்க. எந்திரிச்சா பஸ்ஸு முழுக்க உங்க முதுகைப் பார்க்கும். அதுக்கு அடுத்தது அரிசி மில். நான் அங்கதான் எறங்குவேன், என்கூட எறங்குங்க. மில்லுக்குப் பின்னால தென்னந்தோப்பு, நடுவுல ஒத்தையடிப் பாதை, பச்சைக் கதவு. வெளிய வர்ற வழிதான், ஆனா உள்ள போகவும் திறக்கும். தட்ட வேண்டாம், தள்ளினாப் போதும். யாராவது கேட்டா மாரப்பன் வீட்டுக்கு வந்தேன்னு சொல்லுங்க. தோப்புல ஒரு நாய் இருக்கு, குரைக்கும், கடிக்காது. அதுக்கும் என்னை மாதிரி எல்லார் மேலயும் சந்தேகம்.

என்னது? பேரா?

வேண்டாம், தம்பி. வேண்டாம். முக்கால் மணி நேரமா நச்சரிச்சவன்தான், இப்ப வேண்டாம்ங்கறேன். உள்ள போனா ஒரு நம்பர் குடுப்பாங்க. ரெண்டாயிரத்தைத் தாண்டி ஓடுது இப்ப. என் கையால எழுதின நம்பராத்தான் இருக்கும், பச்சை மையில. ஊர் மாறிப் போனவங்க நம்பரையெல்லாம் புது நோட்டுல எழுத வேண்டாம்னு சொல்லியிருக்காங்க, எழுதறதில்லை.

ஒன்பதை மட்டும் ஒவ்வொரு வருசமும் எழுதி, எதிர்ல இடம் விட்டு வைக்கறேன்.